மூக்குப்பேணியில் பார்லித் தண்ணி

எதைப் பற்றி நாம் அதிகம் பெருமை பேசுகிறோமோ, அந்த இடத்திலேதான் ஒருநாள் அடி விழும். எனக்கு மூக்கிலே விழுந்தது.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், வாசிப்பேன். ஆனால் மணம் பிடிப்பதில் இணுவிலில் என்னை வெல்ல ஆளில்லை. எங்கள் வீடுகளில் படையலுக்குச் சமைக்கும்போது வாயில் வைத்து உப்புப் பார்க்கக் கூடாது. சாமிக்கும் செத்தவர்களுக்கும் எச்சில் படாமல் போகவேண்டும். ஆகவே மணந்துதான் பார்ப்பது. அயலில் திவசம் என்றால், "பூமணியக்காவைக் கூப்பிடுங்கோ, ஒருக்கா மணந்துபோட்டுப் போகட்டும்" என்று ஆள் அனுப்புவார்கள். நான் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போய், சட்டிக்கு மேலே குனிந்து, "ஒரு சிட்டிகை உப்புக் காணாது" என்பேன். (சரியாகத்தான் இருந்திருக்கும். பிழை என்று சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை.)

இந்த மூக்கை வைத்துக்கொண்டுதான் நாலு வருடத்துக்கு முன்பு என் மகள் வதனியின் கலியாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தேன்.

வதனிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அவளுக்கு மெல்பேணில் இருக்கும் குகனைப் பிடித்திருந்தது. நல்லூரில் பிறந்த பெடியன், குணமான பெடியன். தொழிலைக் கேட்டபோதுதான் எனக்கு உட்காரக் கதிரை தேவைப்பட்டது. பியர் வடிக்கிற வேலை. பெரிய தொழிற்சாலை இல்லை, நாலைந்து பேர் சேர்ந்து கையால் பார்த்துப் பார்த்துச் செய்கிற சின்ன இடம்.

எனக்குக்கூட மனம் ஆறிவிடும். ஆறாதவர் அண்ணை. தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர், பண்டத்தரிப்பில் இருக்கிறார். என் கணவர் காலமான பிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு அவர் சொல்தான் முடிவு. முன்பு வதனிக்கு வந்த ஒரு சம்பந்தத்தை, மாப்பிள்ளையின் சித்தப்பாவில் சாராய மணம் வந்ததென்று வெற்றிலைத் தட்டத்தோடு திருப்பி அனுப்பியவர். அவரிடம் போய் என்ன சொல்ல? "பெடியன் பார்லித் தண்ணிக் கொம்பனியிலை வேலை" என்று சொல்லிவிட்டேன். பார்லியை அவிப்பது உண்மை. தண்ணீர் விடுவதும் உண்மை. மிச்சத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

குகன் லீவில் வந்தபோது என்னைப் பார்க்க வந்தார். அண்ணை மறுநாள்தான் நாள் குறித்துக்கொண்டு வருவதாக இருந்தது. வந்தவர் பையைத் திறந்து, உடுக்கும் சாரங்களில் சுற்றிய நாலு போத்தல்களை எடுத்து மேசையில் வைத்தார்.

"மாமி, நான் என்ன வேலை செய்யிறன் எண்டு உங்களுக்கு மறைக்க விருப்பமில்லை. ஒருக்கா மணந்து பாருங்கோ. பிடிக்காட்டி மூடி வைச்சிடுவம்."

"நான் உதெல்லாம் தொடமாட்டன், தம்பி. மணக்கிறதெண்டால் மணப்பன். அதுக்குக் குற்றமில்லை."

முதல் போத்தலைத் திறந்து கண்ணாடிக் கிளாசில் இரண்டு விரல் உயரம் ஊற்றினார். நான் கண்ணை மூடினேன். "மல்லி," என்றேன். "தோடம்பழத் தோல். பழுத்த கதலி மாதிரியும் ஒண்டு வருது."

குகன் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். "மாமி, கோதுமை சேர்த்து வடிச்சது. மல்லியும் ஒறேஞ்சுத் தோலும் போட்டதுதான். அந்த வாழைப்பழ மணம் நாங்கள் போடேல்லை, நொதிக்கேக்கை தானாய் வாறது."

அடுத்தது: "கறுத்தக் கொழும்பான் மாம்பழம். பிறகு வேப்பம்பூ வடகம் பொரிக்கிற மணம்." அது ஒரு பூவைப் போட்டுக் கசப்பாக்கியதாம். மூன்றாவது: "பழஞ்சோத்துத் தண்ணி." அது வேண்டுமென்றே புளிக்க விட்டதாம். நாலாவது கறுப்பு: "கருகின கோப்பி, அடிப்பிடிச்ச பனங்கட்டி." பார்லியைக் கறுக்க வறுப்பார்களாம்.

"எங்கடை இடத்திலை ரெண்டு வருஷம் பழகின ஆக்கள்கூட இப்பிடிச் சொல்லமாட்டினம்," என்றார் குகன்.

அத்தோடு நான் எழும்பியிருக்க வேண்டும். மனிதர் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டார்: "ஆனால் மாமி, மணம் பாதிதான். கசப்பு, இனிப்பு, வாய்க்குள்ளை பாரமோ லேசோ, விழுங்கினாப்போலை என்ன மிஞ்சுது எண்டெல்லாம் நாக்குத்தான் சொல்லும். அப்பதான் உங்களுக்கு எது பிடிக்கும் எண்டு தெரியும்."

பாதியா? என் மூக்குப் பாதியா?

"வதனி, என்ரை பேணியைக் கொண்டா."

"அம்மா, சும்மா இருங்கோ."

"கொண்டா எண்டுறன்."

என்னிடம் மூக்கு வைத்த பித்தளைப் பேணி ஒன்று இருக்கிறது. நான் எதையும் வாய் வைத்துக் குடிப்பதில்லை. அண்ணாந்து, பேணியின் மூக்கால் தொண்டைக்குள் ஊற்றுவதுதான் பழக்கம். தண்ணீருக்கு அது நல்ல பழக்கம். பியருக்கு எப்படி என்று உலகத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நான் பார்த்தேன். உயரத்திலிருந்து விழுந்த பியர் தொண்டையில் நுரைத்துப் பொங்கி, வழி தேடி, என் பேர்போன மூக்கால் வெளியே வந்தது. குகனின் வெள்ளைச் சேட்டில் மல்லியும் தோடம்பழத் தோலும்.

"மாமி, வாய் வைச்சுக் கொஞ்சமாய்…"

"எச்சில் படுத்தமாட்டன். இன்னொருக்கா ஊத்துங்கோ."

மிச்சத்தை ஊற்றிவிடக் குகன் ஒரு சட்டியும் வைத்திருந்தார். பேணியில் விட்டதை மிச்சம் விடுவது எங்கள் வளர்ப்பில்லை. நாலையும் முடித்தேன். மாம்பழக்காரன் நாக்கைப் பிடித்து இழுத்தான், பழஞ்சோறு பல்லைக் கூசவைத்தது, கறுப்பு நல்லதுதான், ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கவேண்டியது. எனக்குப் பிடித்தது முதலாவது என்று தெளிவாகத் தெரிந்தது. தெளிவாகத் தெரிந்ததால் ஒரு முழுப் பேணி வாங்கினேன்.

அப்போதுதான் வாசல் படலையில் ஓட்டோ வந்து நின்றது. அண்ணை. நாளைக்கு வருகிறேன் என்றவர், ஐயர் இன்றைக்கே நாள் பார்த்துக் கொடுத்துவிட்டார் என்று நேரே வந்துவிட்டார்.

வதனி போத்தல்களை அள்ளிக்கொண்டு அறைக்குள் ஓடினாள். நான் வரவேற்க எழும்பினேன். நிலம் ஒத்துழைக்கவில்லை. திரும்பக் கதிரையில் இருந்தேன். "வாங்கோ அண்ணை" என்று சொல்ல வாயைத் திறக்க, வயிற்றுக்குள்ளிருந்து ஒரு ஏவறை வந்தது. கோயில் மணி மாதிரி, நிறுத்தி, நீளமாக.

அண்ணை என்னைப் பார்த்தார். குகனின் சேட்டைப் பார்த்தார். கடைசியாகப் பேணியைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி குடிக்கிறாய்?"

"பார்லித் தண்ணி அண்ணை. தம்பியின்ரை கொம்பனித் தண்ணி."

"நுரைக்குது?"

"இப்பத்தான் ஆத்தினனான்."

"எனக்குக் கல்லடைப்பு. டொக்டர் பார்லி குடிக்கச் சொன்னவர். கொண்டா பாப்பம்."

குகன், "மாமா, அது வந்து…" என்றார். நான் அவர் காலை மிதித்தேன். (அது மேசைக்கால் என்று பிறகு சொன்னார்கள்.) கொடுக்காவிட்டால் பொய் வெளிப்படும், கொடுத்தாலும் வெளிப்படும். பேணியை நீட்டினேன். அறை வாசலில் வதனி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் கண்ணைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. என் வீம்பால் இவள் வாழ்க்கையையும் வெற்றிலைத் தட்டத்தோடு திருப்பி அனுப்பப்போகிறார்கள்.

அண்ணை பேணியை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். நான் மூடுவது மாதிரியே. பிறகு பேணியின் மூக்கால் ஊற்றாமல், விளிம்பில் வாய் வைத்து, ஆற அமர ஒரு வாய். இன்னொரு வாய்.

"மல்லி போட்டிருக்கோ தம்பி?"

"ஓம் மாமா."

"தோடம்பழத் தோலும்?"

"ஓம்."

"தங்கச்சி, இது பார்லித் தண்ணி இல்லை. ஓட்டோவாலை இறங்கேக்கையே மணந்தது."

அண்ணை குகனிடம் திரும்பினார். "நீர் குடிக்கிறனீரோ?"

"வேலையிலை ஒரு வாய் வைச்சுப் பாத்திட்டுத் துப்பிடுவன் மாமா. குடிச்சால் அடுத்ததின்ரை ருசி பிடிபடாது. ஒளிச்சுச் செய்யிற வேலை இல்லை, அதுதான் மாமிக்குக் காட்ட வந்தனான்."

"அப்ப இந்த வீட்டிலை வெறியிலை இருக்கிறது என்ரை தங்கச்சி ஒராள்தான்."

நான் அழத் தொடங்கினேன். "அண்ணை, பொய் சொன்னது நான். பிள்ளையளைத் தண்டிக்காதேங்கோ."

"விசர்க்கதை கதையாதை. நாற்பது வருஷமாய் நான் வாற நாளெல்லாம் அப்பம் சுடுறாய். மா புளிக்கக் கள்ளு விடுறாய். ஒருநாளாவது நான் கேட்டனானோ?"

எனக்கு வெறி முறிந்தது அந்த இடத்தில்தான். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் விட்ட கள்ளு அது. மணம் வராத அளவு பார்த்து விடுகிறேன் என்று எனக்குள் அவ்வளவு பெருமை.

"உனக்கு மட்டுமோ மூக்கு? எனக்கும் அந்த அம்மா பெத்ததுதான்," என்றார் அண்ணை. "அந்தச் சித்தப்பன் குடிச்சதுக்காக நான் அந்தச் சம்பந்தத்தைத் திருப்பி அனுப்பேல்லை. குடிச்சுப்போட்டு இல்லையெண்டு சத்தியம் பண்ணினவன். இந்தப் பெடியன் போத்தலோடையே வந்து காட்டியிருக்கிறான்." சொல்லிவிட்டு, சேட்டுப் பையிலிருந்து ஐயர் நாள் எழுதிய துண்டுக் கடுதாசியை எடுத்து வதனியிடம் கொடுத்தார்.

கலியாணம் நல்லபடி நடந்தது. குகன் இப்போதும் புதிதாக ஏதாவது வடித்தால் மெல்பேணிலிருந்து போனில் கூப்பிட்டு, "மாமி, கோதுமைதான்" என்பார். அண்ணைக்குக் கல் கரைந்துவிட்டது. ஆனாலும் வதனியும் குகனும் வரும்போதெல்லாம் டொக்டர் சொன்னதை மறக்காமல் ஞாபகப்படுத்துவார்.

அயலில் படையல் என்றால் இப்போதும் ஆள் வரும். போவேன், மணப்பேன், "நல்லாயிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். வீட்டில் அப்பம் சுடும் நாளில் முதல் அப்பம் அண்ணைக்கு. அதை மூக்கருகே பிடித்து, கண்ணை மூடி, ஆட்கள் எல்லோரும் பார்க்கும்வரை காத்திருந்து சொல்வார்:

"பார்லித் தண்ணி கொஞ்சம் கூடிப்போச்சு, தங்கச்சி."