மிட்டாய்க்குக் காவல் போட்ட கண்ணுசாமி

மல்லியைப் பழக்கித் தன் சொல்லுக்கு ஆடவைக்காமல் விடுவதில்லை என்று கண்ணுசாமி சபதம் எடுத்தபோது, அது அவருடைய செருப்பைக் கவ்விக்கொண்டுபோய் மனைவி ஆறுமுகத்தாயின் காலடியில் வைத்துக்கொண்டிருந்தது.

ஆறுமுகத்தாயின் கல்யாணச் சீரில் வந்த கன்னி இன வேட்டை நாயின் பேத்தி மல்லி. அந்த வம்சத்துக் குணம் அப்படி. எலியோ செருப்போ, கவ்வியதை வீட்டுக்காரியிடம் சேர்த்துவிட்டுத்தான் மறுவேலை.

"பழக்கப்போறீயளா? நல்லது. ஓட்டம் இல்லேன்னா அது வீட்டையே பிச்சிரும்" என்றாள் ஆறுமுகத்தாய்.

கண்ணுசாமியின் கணக்கு வேறு. சர்க்கரை குறையாவிட்டால் அடுத்த மாசத்திலிருந்து தினமும் ஊசி என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊசி என்றால் அவருக்குக் கால் நடுங்கும். கடலை மிட்டாய் என்றால் கை நடுங்கும். வீட்டை ஒட்டிய பருத்திக் காட்டில், மோட்டார் ரூமில் மிட்டாய்ப் பொட்டலத்தை ஒளித்துவைத்தார். ஆறுமுகத்தாய் வந்தால் மல்லி குரைக்க வேண்டும். குரைத்தால் ஒரு மிட்டாய். இதுதான் பாடம்.

மல்லி ஒரே நாளில் படித்துவிட்டது, பாதிப் பாடத்தை மட்டும். குரைத்தால் மிட்டாய்! காக்காய்க்குக் குரைத்தது. ஆட்டுக்குக் குரைத்தது. யாரும் வராவிட்டாலும் குரைத்தது. ஒவ்வொரு தடவையும் அவர் பொட்டலத்தைச் சாக்குக்குள் திணித்துவிட்டு, பருத்தி வரப்பு வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்புவார்.

"ஏட்டி, பொய்க்கெல்லாம் கூலி கிடையாது!"

மல்லி கண்ணெடுக்காமல் பார்க்கும். கொடுக்காமல்விட்டு, நிஜமாகவே ஆறுமுகத்தாய் வரும்போது குரைக்காமல் இருந்துவிட்டால்? கொடுத்துவிடுவார். கவ்வியதும் வேலிக்குள் நுழைந்து ஓடிவிடும். மறைவாகத் தின்கிறது, மானமுள்ள பிராணி என்று நினைத்துக்கொள்வார். அவர் வாய்க்கு மிஞ்சியதெல்லாம் தூள்தான்.

மாசம் முடிந்தது. டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "ஊசி வேண்டாம். நல்லா ஓடியாடியிருக்கீங்க போல" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஆறுமுகத்தாய் ஒரு தகரச் சம்படத்தைத் திறந்து முன்னால் வைத்தாள். நிறையக் கடலை மிட்டாய். எல்லாம் முழுசு, எச்சில் மட்டும் பட்டது.

"மொத நாளே கொண்டாந்து கால்ல போட்டுட்டுல்லா!"

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"வைதா கேப்பீயளா? நடங்க நடங்கன்னு தொண்டை வத்தச் சொன்னேன், நடந்தீயளா? நீங்க வரப்புல ஓடுததை அடுப்படி ஜன்னல்ல பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நீங்க சும்மா உக்காந்தா இங்கனருந்து ஒரு விசில் அடிப்பேன். அது குரைக்கும்."

அவருக்குக் கோபம் வரவில்லை. கண் கலங்கிவிட்டது. இந்த இரண்டு பேரும் இல்லாவிட்டால் இந்நேரம் உடம்பில் ஊசி ஏறியிருக்கும்.

"நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆவேன், தாயி" என்று வாய்விட்டே சொன்னார்.

"ஆமா, ரொம்பத்தான்" என்று சிரித்துக்கொண்டே, சீனியில்லாக் காப்பி போட உள்ளே போனாள்.

நன்றி பொங்க ஒரு கையால் மல்லியின் தலையைத் தடவிக்கொடுத்தார். எச்சில் பட்டால் என்ன, நம்ம மல்லிதானே? இன்னொரு கை மெல்லச் சம்படத்துக்குப் போனது.

மல்லி குரைத்தது.

"மூடி வைங்க!" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.