பேரருளாளர் உபயம்

"வாயைத் திறந்து கேட்காதவளுக்கு யாரம்மா கொடுப்பார்கள்?" என்று வெண்குடை நாட்டின் கொடைத்துறை அமைச்சர் வச்சிரவேலு ஒருமுறை அஞ்சுகத்திடம் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

கேட்காமலேதான் அவளுடைய கஞ்சி மனை நடந்தது. தாய் தகப்பன் இல்லாத முப்பது பிள்ளைகள் அங்கே சாப்பிட்டார்கள். பின்வாசலில் ஒரு பெரிய பானை இருந்தது. ஊர்ப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஒதுக்கி, போகிற போக்கில் அதில் போட்டுவிட்டுப் போவார்கள். யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது.

அதுதான் அமைச்சரை உறுத்தியது. பெயரில்லாத கொடை அரசுக்கு ஆபத்து என்று அவர் மன்னர் காதில் ஓத, ஆணை பிறந்தது: கொடுப்பவர் தம் பெயரை மூன்று முழப் பலகையில் எழுதி 'உபயம்' என்று போட வேண்டும். அடுத்த வாரம் இன்னொன்று: நாட்டில் உள்ளதெல்லாம் மன்னர் தந்ததே என்பதால், எதன்மேலும் மன்னரின் பட்டப்பெயரோடு 'பேரருளாளர் உபயம்' என்று முதலில் எழுத வேண்டும். அதற்கடுத்த வாரம்: எழுதியதை அழித்தால் ஓராண்டுச் சிறை.

ஒரு வணிகர் கஞ்சி மனைக்கு விளக்கு கொடுத்தார். கண்ணாடி முழுக்க இரண்டு பெயர்களும் அடைத்துக்கொண்டதில் வெளிச்சம் வெளியே வரவில்லை. பெண்களோ பானைப் பக்கமே வரவில்லை.

"ஒரு பிடி அரிசிக்கு மூணு முழம் பலகைன்னா நான் எங்க போவேன்க்கா?" என்றாள் மோர் விற்கும் பூரணி. "பேசாம பலகையவே கஞ்சி காய்ச்சிருங்க."

ஒரு நாள் பானை காலி. பிள்ளைகள் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சுகம் ஆணையை மூன்று முறை படித்தாள். நாட்டில் உள்ளதெல்லாம். அப்படியானால் இல்லாததும் அவர் தந்ததுதானே? தூரிகையை எடுத்து, காலிப் பானைக்குள் தலையை விட்டு, அடியில் எழுதினாள்: பேரருளாளர் உபயம்.

எட்டிப் பார்த்த பூரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று மாலைக்குள் வறண்ட கிணறு, இடிந்த பாலம், பள்ளிக்கூடத்துப் பூட்டு, சாலைப் பள்ளங்கள் எல்லாமே பேரருளாளர் உபயம் ஆகிவிட்டன.

மறுநாள் அமைச்சரின் பல்லக்கு ஒவ்வொரு உபயத்திலும் இறங்கி ஏறி வந்து சேர்ந்தது.

"அழியுங்கள்! நாளை மன்னர் இவ்வழியே எழுந்தருள்கிறார்!"

"அழிச்சா ஒரு வருசம் உள்ள போகணுங்களே ஐயா," என்றாள் பூரணி. "யார் போறது? நீங்களா, இவரா?"

துணியோடு நின்ற சேவகர் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அஞ்சுகம் வாயைத் திறந்தாள். "அழிக்கத்தான் தடை. மூடுறதுக்கு இல்ல."

"எதைக் கொண்டு மூடுவது?"

"பள்ளத்த மண்ணால மூடலாம். பானைய அரிசியால."

"கொடுப்பவர் பெயர்ப் பலகை?"

"பலகை வச்சா, மன்னர் பேர மூடுனது யாருன்னு ஊருக்கே தெரிஞ்சிருமே, ஐயா."

அமைச்சர் சேவகர்களை மண்வெட்டியோடு சாலைக்கு விரட்டினார். மடியில் அரிசியோடு காத்திருந்த பெண்கள் வரிசையாக வந்து பிடிபிடியாகப் போட்டார்கள். 'உபயம்' மறைந்தது. 'அருளாளர்' மறைந்தார். முதல் எழுத்து மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு தெரிந்தது. மடிகள் காலி.

எல்லோரும் அமைச்சரைப் பார்த்தார்கள்.

அவர் இருபுறமும் பார்த்தார். பல்லக்கிலிருந்த தம் சமையல் மூட்டையை அவிழ்த்து ஒரு பிடி அரிசி அள்ளினார். குனிந்து போட்டார். உள்ளே பிள்ளைகள் தட்டுகளைத் தட்டத் தொடங்கினார்கள்.

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவர் பல்லக்கில் ஏறிப் போனார்.