பதினாறு கட்டத் தேயிலைப் பெட்டி

நெத்தலிக்குத் தலை கிள்ளிக்கொண்டே எழுதுகிறேன். தாளில் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருசம் பொங்கல் முடிந்த கையோடு எங்க வீட்டுக்காரர் ஒரு முடிவு எடுத்தார். ஒரு மாதத்துக்கு வீட்டில் யாரும் அவரைக் கூப்பிடக் கூடாது. வீட்டில் நான் ஒருத்தி, தவழுகிற பாப்பா ஒன்று. எங்கள் இரண்டு பேருக்குத்தான் அந்தச் சட்டம்.

கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் ஒரு கம்பியூட்டர் கடையில் அவருக்கு வேலை. அங்கே பெட்டி தள்ளுகிற விளையாட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டார். ஒரு குட்டி ஆள், சுற்றி மதில். பெட்டிகளைத் தள்ளித் தள்ளி உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். பழைய விளையாட்டு ஒன்றின் மேல் ஆசைப்பட்டு யாரோ வெளிநாட்டுக்காரர் அதே மாதிரி செய்து சும்மா விட்டிருக்கிறாராம். படங்களை யாரும் இஷ்டத்துக்கு மாற்றலாமாம்.

"நான் கண்டியையே உள்ள வைக்கப்போறேன்" என்றார்.

பெட்டியெல்லாம் தேயிலைப் பெட்டி. மதில் நம்ம வாவி மதில். குட்டி ஆள் சாரம் கட்டியவர், பெரிய மீசை. மீசை இவருக்கே சரியாக முளைக்கவில்லை.

ஒவ்வொரு படமும் பதினாறுக்குப் பதினாறு கட்டம். கடையில் முதலாளி பார்ப்பார் என்று, வீட்டில் சதுரக்கோட்டுக் கொப்பியில் கட்டம் கட்டமாய்க் கலர் தீட்டினார்.

நானும் கட்டம் எண்ணுகிறவள்தான். பக்கத்து வீட்டு றம்லத் அக்கா மகள் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு சோடி தலையணை உறை கேட்டிருந்தார். குரோஸ் ஸ்டிச்சில் பூப் போட்டு. மூன்று சோடிதான் முடிந்திருந்தது.

"என்னங்க, பாப்பாவக் கொஞ்சம் பிடிங்க. இல்லாட்டி ஊசியப் பிடிங்க. ரெண்டு பேர் வேலையும் கட்டந்தானே."

"ஆம்பள ஊசி பிடிக்கவா? ஊரு சிரிக்கும்."

"பெட்டி தள்ளுறதுக்கு மட்டும் ஊரு கைதட்டுதா?"

"அது கலை புள்ள."

"இதுல தலை வச்சாவது படுக்கலாம்."

அப்போது வடக்கில் சண்டை; எங்கள் மஹய்யாவையில் தமிழ் வீடுகளுக்குப் பொலிஸ் சோதனைக்கு வருவது பால்காரர் வருவது மாதிரி. ஒரு காலையில் சார்ஜன்ட் ஒருவர் வந்தார். கொப்பியை விரித்தார். மதில், சந்து, பெட்டிகள், ஒரு ஆள், எங்கே போக வேண்டும் என்று அம்புக்குறி.

"இது எந்த இடத்து பிளான்?" சிங்களத்தில் கேட்டார்.

"கண்டி, மாத்தயா" என்றார் இவர். "வாவிக்கரை."

"பெட்டி?"

"தள்ளிக்கொண்டு போய் வைக்கிறது."

அதற்கு முந்தின மாதம் இரண்டு வீடு தள்ளி கணபதி அண்ணனை ஒரு கேள்வி கேட்க என்று கூட்டிப் போனார்கள். அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. இவரானால் உண்மை பேசிக்கொண்டே போகிறார். வெளி ஆம்பளைகள் முன்னால் வாய் திறக்காத நான் அன்றைக்குத் திறந்தேன்.

"தலையணை உறைக்கு மாதிரி, மாத்தயா." முடிந்த உறையை விரித்தேன். பூவும் கட்டம், பெட்டியும் கட்டம்.

"யாரு தைக்கிறது?"

என்னைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கொப்பியில் ஓரக்குறிப்பெல்லாம் இவர் கையெழுத்து. வீட்டில் இருப்பவர்களின் பெயரைப் பொலிசுக்கு எழுதிக் கொடுத்த தாளிலும் அதே கையெழுத்து. அந்தத் தாளும் சார்ஜன்ட் கையில்.

"இவருதான். வெக்கத்துல சொல்ல மாட்டேங்கிறாரு."

"அப்ப தை, பார்ப்போம்."

நூல் கோர்த்துக் கொடுத்தேன். இவர் ஊசியைப் பேனை மாதிரிப் பிடித்தார். ஆனால் பதினாறு கட்டமும் மனப்பாடம். கொஞ்ச நேரத்தில் தேயிலைப் பெட்டியின் ஒரு மூலை வந்துவிட்டது, என் மூலையைவிட நேராக.

சார்ஜன்ட் சிரித்தார். "நல்லா இருக்கு. திரும்ப வருவேன். மிச்சத்தையும் தச்சு வை."

அன்றிலிருந்து வேலை விட்டு வந்ததும் தையல்தான். ஊர் பார்க்காமல் ஜன்னல் சேலையை இழுத்து விடுவார். ஜீப் சத்தம் கேட்டால் மட்டும் அவரே ஓடிப்போய் விலக்கி வைப்பார்.

விளையாட்டுப் படங்களையும் ஒரு வழியாக அந்த வெளிநாட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டார். யாரோ பாராட்டி எழுதினார்களாம், பெட்டி போய்ச் சேருகிற இடத்தில் உள்ள பூ மிக அழகு என்று. அது என் தலையணைப் பூ.

அந்த சார்ஜன்ட் தெல்தோட்டைப் பக்கம் மாற்றலாகிப் போய் இரண்டு மாதம். றம்லத் அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும். இவரிடம் சொல்லாமல் இருப்பது பாவந்தான். இன்னும் ஒரு சோடிதான் பாக்கி, முடிந்த அன்றைக்கே சொல்லிவிட நினைத்திருந்தேன். நேற்றுப் பார்த்து றம்லத் அக்காவின் நாத்தனாரும் பத்துச் சோடி கேட்டு வந்துவிட்டார், அதனால் இந்தப் பேச்சை இப்போது எடுக்காமல் – இந்தா, கூப்பிடுகிறார், பச்சை நூல் தீர்ந்துபோச்சாம், நான் போய்