பனியில் விந்தி நடந்தவன்

சுட்டது யார் என்பதில் சந்தேகமே இல்லை. சமையலறையில் டெல்மரைத் தவிர வேறு யாரும் இல்லை. எதைச் சுட்டோம் என்பதுதான் அவனுக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை.

பின்கதவுக் கண்ணாடியில் ஒரு பொத்தல். அதற்கு நேராகக் கொல்லைப்புறம், பனி மூடிக் கிடந்தது. அதைத் தாண்டி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ராய்ஸ் புதிதாக வாங்கிய நீல நிற டிரக். அதன் கதவில் இன்னொரு பொத்தல்.

சனிக்கிழமை காலை ரொட்டி வாங்கக் கடைக்குக் கிளம்பியவன்தான். இடுப்பு உறைக்குள் கைத்துப்பாக்கியைச் செருகினான். ஏதோ தடுத்தது. உருவிப் பார்த்தான். குளிர்ச்சட்டையின் இடுப்புக் கயிறு, அதன் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் குமிழ், துப்பாக்கியின் விசைக்குள் போய் மாட்டியிருந்தது. குமிழைப் பிடித்து இழுத்தான். அவ்வளவுதான்.

துப்பாக்கி லைசென்ஸுக்கு வகுப்பு எடுத்த ஹார்லன் இதைத்தான் படித்துப் படித்துச் சொன்னார். இடுப்பில் துப்பாக்கி வைத்திருப்பவனுக்குச் சட்டைக் கயிறு கயிறு இல்லை, அது இன்னொரு விரல் என்றார். அன்றைக்கு வகுப்பில் அதிகம் சிரித்தவன் டெல்மர்.

தெற்கு இல்லினாயில் மாட்டுத்தீவன ஆலையில் மூட்டை தூக்கியே அவனுடைய ஆயுசு போயிருந்தது. முதுகும் போயிருந்தது. காலையில் கட்டிலிலிருந்து எழுவதற்கே ஒரு திட்டம் போட வேண்டும். இப்போதுதான் ஒரு வழி பிறந்தது. டிராக்டர் விற்கும் கடையில் காவலாளி வேலை. அடுத்த மாதம் முதல் தேதி வரச் சொல்லிவிட்டார்கள். உட்கார நாற்காலி உண்டு, காலடியில் ஹீட்டர் உண்டு. வேண்டியது ஒன்றுதான்: மறைவாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் லைசென்ஸ், அதுவும் கறை இல்லாமல்.

கை தவறிச் சுட்டால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் நாற்காலி போகும். பிறகு சாகும்வரை மூட்டைதான்.

ராய்ஸ் வேலியோரம் வந்து நின்றான். அந்தத் தெருவில் யாருக்கும் அவனைப் பிடிக்காது. அவனுக்கும் யாரையும் பிடிக்காது.

"ஏம்ப்பா டெல்மர், என் வண்டி உனக்கு என்னப்பா பாவம் பண்ணுச்சு?"

டெல்மர் வாயைத் திறந்தான். உள்ளே இருந்த உண்மை வெளியே வரவில்லை.

"ஆளு ஒருத்தன் வந்தான் ராய்ஸ். கடப்பாரையோட கதவுகிட்ட வந்தான். அவனைத்தான் சுட்டேன்."

ராய்ஸின் முகம் மாறிவிட்டது. கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. மொதல்லயே சொல்றதுக்கென்ன என்று கேட்டுவிட்டு, டெல்மர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுவதைப் பார்க்காமல், ஷெரிப் ஆபீசுக்குப் போன் போட்டான்.

கெய்லா என்ற பெண் அதிகாரி வந்தாள். சின்ன வயசு, பெரிய பெல்ட். ஹைவேயில் வண்டிகள் சறுக்கி மோதிக்கொண்டிருந்ததால் அவளுடைய ரேடியோ விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. வாசல் படியில் நின்றபடியே கேள்வி கேட்டாள். எங்கே நின்றான், எந்தக் கையில் கடப்பாரை, நில் என்று சொன்னீர்களா, ஏன் கதவைப் பூட்டிவிட்டு எங்களைக் கூப்பிடவில்லை. டெல்மர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். சொல்லச் சொல்ல அந்த ஆள் இன்னும் கிட்டே வந்தான், இன்னும் வேகமாக வந்தான்.

"ஒண்ணு யோசிச்சுக்கங்க சார்," என்றாள் கெய்லா. "தற்காப்புக்காகன்னு சொன்னீங்கன்னா, சுட்டது நான்தான், தெரிஞ்சேதான் சுட்டேன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. அப்புறம் அந்த ஒரு குண்டுக்கு நீங்கதான் கடைசி வரைக்கும் பதில் சொல்லணும். கை தவறிடுச்சுன்னா இப்பவே சொல்லிடலாம்."

டெல்மர் நாற்காலியை நினைத்தான். ஹீட்டரை நினைத்தான்.

"தெரிஞ்சேதான் சுட்டேன்," என்றான்.

ஆள் எப்படி இருந்தான் என்று கேட்டாள். ஊரில் இல்லாத ஒருவனாகப் பார்த்து டெல்மர் சொன்னான். நல்ல உயரம், ஒல்லி, நெஞ்சு வரைக்கும் தாடி. அவள் குறித்துக்கொண்டாள். துப்பாக்கியை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். அரசு வக்கீல் ஆபீஸ் ஆளோடு திங்கட்கிழமை மத்தியானத்துக்கு மேல் வருவதாகவும், அதுவரை கொல்லைப்புறத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது, பனியில் அவன் காலடி இருக்கும், போட்டோ எடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

டெல்மர் பின்கதவுக்கு வந்து வெளியே பார்த்தான். கொல்லைப்புறம் முழுக்கப் பனி, புதிதாக விரித்த படுக்கை மாதிரி, ஒரு சுருக்கம் இல்லை. குருவிகூட நடக்கவில்லை.

சரி, இருட்டியதும் நாமே நடந்துவிடுவோம் என்று முடிவு செய்தான். ஆனால் ராய்ஸ் வேலியோரம் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். மடியில் வேட்டைத் துப்பாக்கி, பக்கத்தில் பிளாஸ்க் நிறையக் காபி. அவன் திரும்பி வந்தாலும் வருவான், நீ நிம்மதியாகத் தூங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். இருபது வருஷத்தில் ராய்ஸ் செய்த முதல் உதவி அது. ஞாயிற்றுக்கிழமையும் அவன் எழுந்து போகவில்லை. அவன் கண் தூரத்திலேயே இருந்தது, பக்கத்தில் கிடந்த பனியை அவன் பார்க்கவே இல்லை.

டெல்மரின் மனைவி லர்லீன் முதியோர் இல்லத்தில் ராத்திரி வேலை பார்ப்பவள், பகலில் தூங்குபவள். சனிக்கிழமை அவள் வேலை முடிந்து வந்ததும் அவளிடமும் அதே பொய்யைத்தான் சொன்னான். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஆள் எப்படி இருந்தான் என்று கேட்டாள். தாடி, உயரம் என்றதும், நல்லவேளை உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி அவனுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாள். பொய்க்குக் கிடைத்த முட்டையை அவன் பாதியிலேயே ஒதுக்கிவைத்தான்.

ஞாயிறு காலை சர்ச்சில் போதகர் டெல்மருக்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டெல்மர் தலையைக் குனிந்துகொண்டான். பணிவு என்று நினைத்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் ஹார்லன் கட்டிப்பிடித்தார். சுற்றுமுற்றும் கவனிக்கிறவன்தான் பிழைப்பான் என்று நான் சொன்னதை ஒருத்தனாவது கேட்டானே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வகுப்பில் வந்து பேச வேண்டும் என்றார். முடியாது என்று டெல்மர் சொன்னதையும் பணிவில் சேர்த்துக்கொண்டார்.

கவனிப்பதில் டெல்மர் குறை வைத்ததில்லை, அதுவும் உண்மைதான். ஓட்டலுக்குப் போனால் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவான். எதிரே வருகிறவனின் முகத்துக்கு முன்னால் கையைப் பார்ப்பான். குமிழை மட்டும்தான் பார்க்கவில்லை.

சாயந்திரம் கெய்லா போன் செய்தாள். ஆள் அகப்பட்டுவிட்டான், வந்து அடையாளம் காட்டுங்கள் என்றாள்.

டெல்மர் வண்டியை எடுத்தான். இல்லாத ஒருவன் எப்படி அகப்படுவான். போய்ப் பார்த்தால் எல்ராய் உட்கார்ந்திருந்தான். தெருவில் காலி டின் பொறுக்குகிறவன். நல்ல உயரம், ஒல்லி, நெஞ்சு வரைக்கும் தாடி. வாரா வாரம் டெல்மரே பீர் டின்களைக் கட்டி எடுத்துவைத்து அவனுக்குக் கொடுப்பான். உருவம் சொன்னபோது அது எங்கிருந்து தன் வாயில் வந்தது என்று இப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

"டெல்மர் அண்ணே," என்றான் எல்ராய், "உன் வீட்டுக்கு நான் எதுக்குக் கடப்பாரையோட வரணும்? கதவைத் தட்டினா நீயே குடுப்பியே."

அதைக் கேட்டு டெல்மருக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. இவன் இல்லை என்று சொன்னான். கெய்லா அவன் சொன்ன அடையாளத்தையெல்லாம் ஒன்றொன்றாகப் படித்துக் காட்டி, எல்லாம் பொருந்துகிறதே, இவன் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள்.

"அவன் காலை விந்தி விந்தி நடந்தான்," என்றான் டெல்மர். "எல்ராய்க்குக் கால் நல்லாத்தானே இருக்கு."

எல்ராயை விட்டுவிட்டார்கள். கெய்லாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை, விந்தி நடந்தவன் காலடி பனியில் தனியாகத் தெரியுமே, அது ஒன்று போதுமே என்றாள். டெல்மர் தலையை ஆட்டினான். இப்போது நடந்தால் மட்டும் போதாது, விந்தவும் வேண்டும்.

திங்கட்கிழமை காலை ராய்ஸ் டிரக்கைப் பட்டறைக்கு ஓட்டிப் போனதாகத் தகவல் வந்தது. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் டெல்மர் ஆலையிலிருந்து கிளம்பினான். மச்சான் எப்போதோ விட்டுப் போன பெரிய பூட்ஸ் அவன் வண்டியில் கிடந்தது. சோளக்காட்டுப் பக்கமாகப் போய் வண்டியை நிறுத்தி, அந்த பூட்ஸை மாட்டிக்கொண்டு வேலியில் ஏறினான்.

ஏறும்போதே முதுகில் ஒரு நரம்பு பிடித்துக்கொண்டது. இடது காலை விந்தி நடப்பதாகத் திட்டம். பாதி தூரம் நடிப்பு. மீதி தூரம் நிஜமாகவே நடக்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தத் திருடன் மேலேயே ஆத்திரப்பட்டுக்கொண்டு, பின்கதவுக்கு வந்து சேர்ந்தான்.

வந்ததும் பழக்க தோஷம். பனியோடு வீட்டுக்குள் வந்தால் லர்லீன் திட்டுவாள். படியில் காலைத் தட்டினான். கதவைத் திறந்து உள்ளே போனான். பூட்ஸைக் கழற்றினான். அடுப்படியில் நின்று மூச்சு வாங்கினான். ஒரு கஷ்டமான வேலையை ஒழுங்காக முடித்த திருப்தி.

பிறகு திரும்பிப் பார்த்தான். வேலியிலிருந்து கதவு வரைக்கும் காலடி. கதவிலிருந்து வேலிக்கு ஒன்றுகூட இல்லை.

மறுபடி பூட்ஸுக்குக் குனிந்தான். முதுகு குனிய விடவில்லை. வாசலில் மணி அடித்தது.

கெய்லா சீக்கிரமே வந்துவிட்டாள். கூடவே வக்கீல் ஆபீஸ் ஆள், கழுத்தில் கேமரா, கையில் பேனா. இருவரும் வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறம் போனார்கள். டெல்மர் பூட்ஸைக் காலாலேயே தள்ளித் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒளித்தான். அவர்கள் திரும்பி வந்தபோது கெய்லா மெதுவாகப் பேசினாள்.

"சார், நீங்க சொன்ன மாதிரியே விந்தித்தான் நடந்திருக்கான். உள்ள வந்திருக்கான். வெளிய போகல."

முன்வாசல் வழியாகப் போயிருப்பான் என்றான் டெல்மர். உங்களைத் தாண்டியா, நீங்கள் பார்க்காமலா என்று கேட்டாள்.

"அதோட இது சனிக்கிழமை காலடி இல்ல, அது காத்துல பனி மூடிப் போயிருக்கும். விளிம்பு இன்னும் உதிரக்கூட இல்ல. அவன் இன்னைக்குத் திரும்பி வந்திருக்கான். இப்ப இந்த வீட்டுக்குள்ளதான் இருக்கான்."

அவள் துப்பாக்கியை உருவினாள். வக்கீல் ஆபீஸ் ஆள் பேனாவோடு சுவரோரம் ஒதுங்கினார்.

மாடிப்படியில் லர்லீன் நின்றாள். இரவு உடை, கலைந்த தலை. இந்த நேரத்தில் நீ ஏன் வீட்டுக்கு வந்தாய் என்று டெல்மரைக் கேட்டாள். மாடியைப் பார்க்க வேண்டும், வழி விடுங்கள் என்றாள் கெய்லா.

"மேல யாரும் இல்ல," என்றாள் லர்லீன்.

"யாருமே இல்ல," என்றான் டெல்மர்.

லர்லீன் படியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து வழியை அடைத்தாள். தான் இப்போதுதான் அங்கே தூங்கிக்கொண்டிருந்ததாகவும், ஒரு சத்தமும் கேட்கவில்லை என்றும், தேட வேண்டிய அவசியமே இல்லை என்றும் அழாத குறையாகச் சொன்னாள். இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, என் பொய்யைக் காப்பாற்றத்தான் இப்படி நிற்கிறாள் என்று டெல்மர் நினைத்தான். இத்தனை வருஷத்தில் அவளை ஒரு நாள்கூட வெளியே கூட்டிப் போய்ச் சாப்பிட வைக்கவில்லையே என்று வருத்தமாக இருந்தது.

கெய்லா அவளை ஓரமாக நகர்த்திவிட்டு மேலே போனாள்.

அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம், கையைத் தூக்கு என்ற சத்தம். டெல்மர் தனக்குக் காது கெட்டுவிட்டது என்று நினைத்தான்.

கெய்லா ஒரு ஆளை முன்னால் நடக்கவிட்டு இறக்கிக்கொண்டு வந்தாள். குட்டையான ஆள், வழுக்கை, தாடி இல்லை, கொஞ்சம் தொந்தி. காலில் சாக்ஸ் மட்டும். சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தான். தோளில் டெல்மருடைய வேட்டைக்கோட்டின் கை ஒன்று தொங்கியது. அவன் நொண்டவும் இல்லை.

"சார், உண்மையைச் சொல்றேன், உங்க மேலயே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்துச்சு," என்றாள் கெய்லா. "மன்னிச்சுக்கங்க. பயத்துல பார்க்கறவங்க கண்ணுக்குக் குட்டையா இருக்கறவன் உயரமாத்தான் தெரிவான், தாடிகூடத் தெரியும். நாங்க பார்த்திருக்கோம்."

வக்கீல் ஆபீஸ் ஆள் சுவரை விட்டு வெளியே வந்தார். நீங்கள் சுட்டது இவனைத்தானா, ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கேஸ் முடிந்தது, லைசென்ஸுக்கு ஒரு கீறலும் வராது என்றார்.

டெல்மர் அந்த ஆளைப் பார்த்தான். அவனுடைய சாக்ஸைப் பார்த்தான். லர்லீனைப் பார்த்தான். அவள் யாரையும் பார்க்கவில்லை, படியில் உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளை அப்படிப் பார்த்த பிறகுதான் டெல்மருக்கு மெல்ல மெல்ல எல்லாம் விளங்கியது. வீட்டில் எவனையும் சுடாமல் போனோமே என்று முதல் முறையாக வருத்தப்பட்டான். போனது போய்விட்டது. நாற்காலியாவது மிஞ்சட்டும்.

"இவன்தான்," என்றான். சனிக்கிழமையிலிருந்து அவன் குரல் நடுங்காமல் வந்தது இப்போதுதான். "கடப்பாரையோட என் மேல பாய்ஞ்சான். இவனைப் பார்த்துத்தான் சுட்டேன்."

வக்கீல் ஆபீஸ் ஆள் எழுத ஆரம்பித்தார். வழுக்கைத் தலை ஆள் தூக்கிய கையை இறக்காமல், கெய்லா பக்கம் மரியாதையாகத் திரும்பினான்.

"மேடம், நான் பண்ணது தப்புதான், ஆனா அவர் என்னைச் சுடல, மூணு வருஷமா இந்த வீட்டுக்கு வந்து போறேன், பாவம், இன்னைக்குத்தான் மனுஷன் என்னை முதல் தடவையா பார்க்கறார்."