குபாத்தின் சல்லடை

துக்க விருந்தில் முல்லா கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தபோது, குபாத்தின் சட்டைப்பைக்குள் குதிரை கனைத்தது.

ஒரு தடவை என்றால் போனால் போகிறதென்று விட்டிருப்பார்கள். விடாமல் கனைத்தது. அவிழ்த்துக்கொண்டது யார் குதிரை என்று பார்க்க இரண்டு பெரியவர்கள் எழுந்து வெளியே போனார்கள்.

"அமத்துடா அதை!" என்று பல்லைக் கடித்தார் பக்கத்து வீட்டு எசென்.

"வேலை வந்திருக்கு அண்ணே. தவறிடக் கூடாதுன்னுதான் இந்தச் சத்தம் வெச்சேன்."

"என்ன வேலை?"

குபாத் மேசைக்கடியில் போனைப் பார்த்தான். "'வீட்டில் கிழட்டு ஆட்டுக்கடாவைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை'ன்னு இருக்கு."

"போயேன். ரெண்டு பேருக்கும் பேச்சுத்துணையாச்சு."

குபாத் வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவன். சொந்த ஊரான கரகோலில் அவன் வேலை பார்த்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். மனைவி பெகிமாய் கோட்டு தைக்க இஸ்தான்புல் போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனாள்: "நிலையா ஒரு வேலை கிடைச்சுதுன்னு சொல்லு. மறுநாளே பிளேன் ஏறிடறேன்."

அன்றிலிருந்து காலையில் இரண்டு கிண்ணம் வைத்துத்தான் அவன் தேநீர் ஊற்றுகிறான். அவள் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவான். நம் ஊர் வழக்கத்தில் கிண்ணம் நிறைய ஊற்றினால் 'கிளம்பு' என்று அர்த்தம். அதை யார் சொல்வார்கள் அவளிடம்? ஆறின பிறகு அதையும் அவனே குடித்துவிடுவான்.

போனில் இருக்கிற வேலைக் குழுக்களில் எல்லாம் சேர்ந்து, செய்திகள் மழையாகக் கொட்ட ஆரம்பித்ததும், கடைவீதியில் போன் பழுதுபார்க்கும் சல்கின்தான் சல்லடை போட்டுக் கொடுத்தாள். வேண்டிய சொற்கள் இருக்கும் செய்திக்கு மட்டும் குதிரை கனைக்கும். குபாத் மூன்று சொற்கள் கொடுத்தான்: வீடு, வரைபடம், வீட்டிலிருந்தே. மூன்றாவது சொல்லில்தான் உயிரையே வைத்திருந்தான். வேலை வீட்டுக்கு வந்தால்தானே பெகிமாயும் வீட்டுக்கு வருவாள்?

ஆனால் 'வீடு' என்றதும் ஊரே உள்ளே வந்துவிட்டது. வீட்டுக்கு வெள்ளையடிக்க, வீடு கூட்ட, வீட்டோடு மாப்பிள்ளை ஆக. துக்க வீட்டில் மானம் போன மறுநாள் குபாத் சல்கினிடம் ஓடினான்.

"வேண்டாத சொல்லையும் போடலாம் அண்ணே. அந்தச் சொல் இருந்தா, நேரா குப்பைக்குப் போயிடும்."

"யார் அனுப்பினாலுமா?"

"உங்க மாமியாரே அனுப்பினாலும்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. முதல்ல 'ஆடு'ன்னு போடு. அப்புறம் 'வெள்ளை', 'மாப்பிள்ளை'."

குதிரை அடங்கியது. வாரக் கடைசியில் எசென் வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்னடா, பெரிய மனுஷன் ஆயிட்டியா? என் சகலைக்கு வரைபடம் போட ஆள் வேணும்னு அனுப்பினேன், பதிலே காணோம். வேற ஆளுக்குக் குடுத்துட்டான்."

"என்ன அனுப்பினீங்க?"

"'பெரிய வீடு, பின்னாடி ஆட்டுக்கொட்டகை'ன்னு."

குபாத் தலையில் அடித்துக்கொண்டான். ஓடிப்போய் 'ஆடு' என்ற சொல்லை எடுத்தான். எடுத்த அன்றே ஏமாற்றுக்காரன் வந்து சேர்ந்தான்.

நம் ஊரில் நல்ல சேதி கொண்டு வருகிறவன் வாசலிலேயே 'சுயுன்ச்சு!' என்று கூவுவான். கையில் பரிசு விழுந்தால்தான் சேதி வாயிலிருந்து விழும். குழந்தை பிறந்தாலும் அப்படித்தான், மகன் பட்டாளத்திலிருந்து திரும்பினாலும் அப்படித்தான். அந்த மரியாதையான சொல்லைப் பிடித்துக்கொண்டான் ஒருவன். 'சுயுன்ச்சு! வரைபட வேலைக்கு நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள். கட்டணம் அனுப்பினால் விவரம்!'

வேலை கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் குபாத் அனுப்பினான். இன்னொரு 'சுயுன்ச்சு' வந்தது. அதற்கும் அனுப்பினான். மூன்றாவதற்குத்தான் அவனுக்கு புத்தி வந்தது.

"அந்தச் சொல்லையே குப்பையில போடு!" என்று சல்கினின் கடையில் கத்தினான்.

"சுயுன்ச்சுவையா? நல்ல சேதிக்குச் சொல்ற சொல் அண்ணே அது."

"எனக்கு எவன் நல்ல சேதி கொண்டு வரப்போறான்? போடுன்னா போடு."

போட்டாள். அதன்பிறகு போன் செத்தது போலக் கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெகிமாய் கூப்பிடவில்லை. ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறவள். குபாத் கூப்பிட்டான், எடுக்கவில்லை. 'உடம்பு சரியில்லையா?' என்று கேட்டு அனுப்பினான். 'நல்லா இருக்கேன், வேலை அதிகம்' என்று ஒரு வரி வந்தது. இரண்டு குளிர்காலத்தில் அவள் ஒரே வரியில் பேசியதே இல்லை. பக்கத்துத் தையல் மெஷின்காரி கொட்டாவி விட்டதைக்கூடச் சொல்லாமல் போனை வைக்கமாட்டாள்.

சரி, வெறுத்துவிட்டாள் என்று முடிவு கட்டினான் குபாத். எத்தனை நாள்தான் காத்திருப்பாள்? மறுநாள் காலை அவள் கிண்ணத்துத் தேநீரைக் குடிக்கவும் மனசு வரவில்லை. அப்படியே மூடி வைத்தான்.

பிறகு சல்லடையைத் திறந்தான். 'வீட்டிலிருந்தே' என்ற சொல்லை அழித்துவிட்டு அந்த இடத்தில் 'இஸ்தான்புல்' என்று போட்டான். அவள் வராவிட்டால் என்ன, நான் போகிறேன்.

மூன்றாம் நாள் குதிரை கனைத்தது. இஸ்தான்புல்லில் வீடு கட்டும் ஒரு நிறுவனம், வரைபடம் போட உடனே ஆள் கேட்டிருந்தது. கட்டணம் கேட்கவில்லை. வீடியோவில் பேசினார்கள், அவன் போட்ட படங்களைப் பார்த்தார்கள், வா என்றார்கள். குபாத் கறவை மாட்டை எசெனுக்கு விற்று டிக்கெட் எடுத்தான்.

"பொண்டாட்டிக்குச் சொல்லிட்டியா?" என்று கேட்டார் எசென், மாட்டைத் தடவிக்கொண்டே.

"இல்லண்ணே. திடீர்னு போய் நிக்கப் போறேன். என்னைப் பார்த்ததும் கோபம் போயிடாதா?"

தலைநகர் பிஷ்கெக்கின் விமான நிலையத்துக்கு டாக்ஸி ஏரிக்கரையோரமாகப் போனது. டிரைவர் சபார் பிஷ்கெக்காரர். வாய் ஓயாத மனிதர். ஏரி முடிகிற பாலிக்சி ஊரில் நிறுத்திப் புகைபோட்ட மீன் வாங்கினார்கள். குபாத் பெகிமாய்க்கென்று ஒன்றைக் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டான். அவளுக்கு இந்த மீன் என்றால் உயிர்.

"பொண்டாட்டியைப் பார்க்கப் போறியா?"

"எப்படித் தெரியும்?"

"வழி நெடுக நீயே சிரிச்சுக்கறே, நீயே பெருமூச்சு விடறே. வேற எதுக்குப் போவே?" சபார் கியரை மாற்றினார். "எனக்கு இன்னிக்கு நல்ல நாள். உன்னை இறக்கின கையோட, அங்கேயே கரகோலுக்கு ஒரு சவாரி. இஸ்தான்புல் பிளேன்ல ஒரு பொம்பளை வந்து இறங்கறா. அவ தம்பி நாரின் மலையில ஆடு மேய்க்கிறவன், அவன்தான் செய்தி அனுப்பி வண்டி சொன்னான்."

குபாத்தின் மடியிலிருந்த மீன் நழுவியது. பெகிமாயின் தம்பி துராத்தும் நாரின் மலையில்தான் ஆடு மேய்க்கிறான்.

"இஸ்தான்புல்ல... அந்தப் பொம்பளைக்கு என்ன வேலையாம்?"

"கோட்டு தைக்கிறாளாம். 'புருஷனுக்கு வேலை கிடைச்சாலும் சரி, கிடைக்காட்டியும் சரி, இனி ஒரு நாள்கூட என்னால தனியா இருக்க முடியாது'ன்னு மூட்டை கட்டிட்டா. தானே பேசினா உளறிடுவோம்னு வாயைக் கட்டிக்கிட்டு, தம்பியைச் சேதி சொல்லிப் பரிசு வாங்கிக்கச் சொல்லியிருக்கா. என்ன அருமையான பொம்பளை பாரு! வாய்ச்சிருக்கானே அவ புருஷன், கஞ்சப்பய! அந்தத் தம்பி சிக்னலுக்காகத் தினம் மலையுச்சி வரைக்கும் ஏறி 'சுயுன்ச்சு, சுயுன்ச்சு'ன்னு அனுப்பறான், ஒரு ஆட்டுக்குட்டி குடுக்கணுமேன்னு பயந்துக்கிட்டு அந்த ஆள் வாயே திறக்கலையாம்!"