ரிவர்ஸ் விழாத வண்டி

புதன்கிழமை, மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். ‘எல்லோரும்’ என்பதில் வண்டியைச் சேர்க்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீ எதையும் கடைசிப் பத்தியிலிருந்து படிக்கிறவள். இருந்தாலும் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடு மாற்றுவதற்கு நம் பிக்கப்பை நம்பாதே. இந்தக் கடிதம் கிடைத்த கையோடு வேறு வண்டிக்குச் சொல்லிவிடு. ஞாயிறு மாலைக்குள் காலி செய்யாவிட்டால் வீட்டுக்காரர் பூட்டை மாற்றிவிடுவார், சாமானெல்லாம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும் என்று நீ சொன்னது நினைவிருப்பதால்தான் இவ்வளவு அவசரம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் போனில் பேசுவது மேடையில் பேசுவதற்குச் சமம். அப்பா வண்டிக்கு அடியில் படுத்திருந்தாலும் காதை ஹாலில் விட்டுவிட்டுத்தான் போவார்.

போன வாரம் நீ போன் செய்தபோதும் அதுதான் நடந்தது. “அப்பாகிட்ட சொல்லாத, வண்டி ஓடுற நிலைமையில இருக்கான்னு மட்டும் பாரு” என்று நீ கிசுகிசுத்தாய். நான் “ம்” என்றேன். அந்த ஒரு ‘ம்’மிலிருந்து அப்பா முழுக் கதையையும் உருவிக்கொண்டார் போலிருக்கிறது. மறுநாள் காலை பழைய சட்டையை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போய் வண்டியின் மேலிருந்த தார்ப்பாயை இழுத்துப் போட்டார். “என்னப்பா?” என்றேன். “சும்மா கெடக்கே, என்னன்னு பாக்கலாம்னு” என்றார். பேரீச்சம்பழ விவகாரத்துக்குப் பிறகு அந்தத் தார்ப்பாயை அவர் தொட்டதே இல்லை.

அந்த விவகாரத்தில் நீ பாதியைத்தான் கேட்டிருப்பாய், சமையலறையில் இருந்தாய். மீதியை அத்தான் தன் கட்சிக்கு ஏற்றபடி சொல்லியிருப்பார். நடந்தது இதுதான். சாப்பிட்டு முடித்து இருவரும் ஷெட்டுப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தான் சும்மா மட்கார்டில் கையை ஊன்றினார். கை துரு வழியாக உள்ளே போய்விட்டது. கையை எடுத்துத் தட்டிக்கொண்டே, “மாமா, இதைப் பழைய இரும்புக்குப் போட்டா நாலு கிலோ பேரீச்சம்பழம் தேறும்” என்று சிரித்தார். ஊரில் எல்லோரும் சொல்கிற கேலிதான். ஆனால் நம் இருவரின் படிப்பும் பால் கேன்களோடு சேர்ந்து அந்த வண்டியின் முதுகில்தான் ஏறி வந்தது என்பதை அவர் யோசிக்கவில்லை. அப்பா, “மாப்பிள்ளை, உங்களைப் போட்டா அதுகூடத் தேறாது” என்றார். அத்தான் சிரிப்பை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டு செருப்பைத் தேடினார். நீங்கள் போன பிறகு அப்பா ஷெட்டைப் பார்த்து, “இனிமே அந்த ஆள் வீட்டு வாசல்ல என் காலு படாது” என்று அறிவித்தார். அன்றிலிருந்து நம் வீட்டுக்குள் பேரீச்சம்பழம் வருவதில்லை. ரத்தம் குறைவாக இருக்கிறது, தினமும் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொன்னதால் அம்மா அதைப் பக்கத்து வீட்டில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு வருகிறாள்.

இனி வண்டியின் கதை. முதல் நாள் பானெட்டைத் திறந்தார். உள்ளே எலிகள் குடும்பம் நடத்தி, பிள்ளைகளை வளர்த்து, ஒயர்களையெல்லாம் தின்று தீர்த்துவிட்டுக் காலி செய்து போயிருந்தன. அப்பா ஒயரிங்கைத் தானே செய்தார். இப்போது ஹாரனை அழுத்தினால் அடிக்கிறது, ஆனால் நிற்காது, பேட்டரியைக் கழற்றினால்தான் வாயை மூடும். டீசல் டாங்க்கில் துரு. வடிகட்ட அம்மாவின் டீ வடிகட்டி போயிற்று. திரும்பி வந்ததும் அதில் போட்ட டீயைக் குடித்துவிட்டு அம்மா டம்ளரோடு வந்து வண்டியை முறைத்தாள். பிறகு, “உங்கப்பாவோட மூத்த சம்சாரம் கையால ஒரு வாய் குடிச்சுட்டேன்” என்றாள். இடது பக்கக் கதவின் பூட்டு கையோடு வந்துவிட்டதால் அந்தக் கதவைக் கயிற்றால் கட்டியிருக்கிறார். ஏறுவதும் இறங்குவதும் ஓட்டுநர் பக்கமாகத்தான். மூன்றாவது கியர் போட்டால் யாராவது பிடித்துக்கொண்டே வரவேண்டும், விட்டால் கழன்றுவிடும். இஞ்சின் ஒருமுறை அணைந்தால் சூடு ஆறும்வரை மறுபடி கிளம்பாது. எல்லாம் பூட்டி முடித்த பிறகு கொஞ்சம் போல்ட்டுகள் மிஞ்சின. “கம்பெனிக்காரன் தாராளமா போட்டிருக்கான்” என்று அப்பா அவற்றை ஒரு டப்பாவில் போட்டுவைத்தார். 

இவ்வளவும்கூடப் பரவாயில்லை, ரிவர்ஸ் கியர் விழவில்லை, வண்டி பின்னால் நகராது. அதற்காகத் தெருமுனை மெக்கானிக்கை வரவழைத்தோம். அவரை எல்லோரும் ‘ஐயோ’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். எந்த வண்டியைத் திறந்தாலும் அவர் முதலில் சொல்கிற வார்த்தை அது. வந்தார், திறந்தார், சொன்னார்.

“ஐயோ. ரிவர்ஸுக்குப் பல்லே இல்லீங்களே.”

“மாத்திப் போடு.”

“எங்க போய்த் தேட? செஞ்சவனே செத்திருப்பான். நீங்க பல் செட்டு வெச்ச மாதிரி இதுக்கு வெக்க முடியாதுங்க.”

அப்பா தன் பல் செட்டை நாக்கால் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார். பிறகு, “எதுக்குப் பின்னாடி போகணும்? நான் என்னைக்குப் பின்னாடி போயிருக்கேன்?” என்றார்.

“அது என்னமோ உண்மைதான்” என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அப்பா என்னைப் பார்க்காமல், தண்ணீர்க் குவளையைப் பார்த்து, “அந்த... அவங்க இருக்கிறது முட்டுச்சந்துதானே?” என்று கேட்டார். ஆமாம், கடைசி வீடு என்றேன்.  அவர் சோற்றில் விரலால் ஏதோ வழி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படிப் போட்டாலும் விரல் தட்டின் விளிம்பில் போய் முட்டியது.

திங்கட்கிழமை சோதனை ஓட்டம். அப்பா ஓட்ட, நான் மூன்றாவது கியரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைத்தெரு வரை ஒரு குறையும் இல்லை. திரும்பும்போது வாய்க்கால் பாலத்தில் பாதி தூரம் போய்விட்டோம், எதிரே செங்கல் லாரி. பாலம் ஒரு வண்டிக்குத்தான். லாரிக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

“பெரியவரே, கொஞ்சம் பின்னாடி எடுங்க.”

“நீ எடு.”

“நான் லோடு வண்டிங்க. நீங்க காலி வண்டிதானே?”

“எடுக்க முடியாது.”

“ஏன், பாலம் உங்க பேர்ல எழுதியிருக்கா?”

ரிவர்ஸ் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அப்பா சொல்லவில்லை. மானம் தடுத்தது. எங்களுக்குப் பின்னால் சைக்கிள்கள், லாரிக்குப் பின்னால் ஒரு பஸ். எல்லோரும் அப்பாவைத் திட்டினார்கள், ஆளுக்கு ஒரு விதமாக. லாரிக்காரர் கதவைத் திறந்து இறங்கினார், கையில் இரும்புக் கம்பி. அது டயரைத் தட்டிப் பார்க்கிற கம்பிதான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது, அப்போது தெரியாது. அப்பாவின் கழுத்து நரம்பு துடிப்பதைப் பார்த்தேன். நெஞ்சு மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தோமே என்பது அந்த நேரத்தில்தான் ஞாபகம் வந்தது. வேறு வழியில்லாமல், “அண்ணே, ரிவர்ஸ் இல்லண்ணே!” என்று கத்திவிட்டேன். லாரிக்காரர் நின்றார். கம்பியைக் கீழே போட்டார். “இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? வாங்கப்பா, தள்ளுவோம்” என்றார். திட்டிய அத்தனை பேரும் வந்து தள்ளினார்கள். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி, மன்னர் மாதிரி பின்னோக்கிப் போனார். 

நேற்று நடந்ததுதான் எல்லாவற்றையும் முடித்துவைத்தது. பிரேக்கில் ஏதோ கசிகிறதென்று ஜாக்கி வைத்துத் தூக்கி அடியில் போனார். நான் டார்ச் பிடித்திருந்தேன். ஜாக்கி வழுக்கியது. சத்தம் பெரிதாக இல்லை அக்கா. வண்டி ஒரு பக்கமாகப் பெருமூச்சு விட்டபடி இறங்கியது, அவ்வளவுதான். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அப்பாவின் இரண்டு செருப்பும் வெளியே தெரிந்தன, அசையவில்லை.  அம்மா ஈரக் கையோடு ஓடிவந்து, “என்னங்க, என்னங்க” என்று அந்தச் செருப்பைப் பிடித்து இழுத்தாள். செருப்பு மட்டும் கையோடு வந்தது. அப்போது உள்ளேயிருந்து குரல்: “செருப்பை ஏன்டி புடுங்குற? அந்தச் சின்ன ஸ்பேனரை எடுத்துக் குடு.” பக்கத்தில் ஸ்டெப்னி டயரைப் படுக்கப் போட்டு வைத்திருந்ததால் வண்டி அதன்மேல் உட்கார்ந்துவிட்டது. அம்மா ஸ்பேனரைக் கொடுக்கவில்லை. அவரை வெளியே வரவழைத்து, தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துவிட்டு, வண்டிச் சாவியை எடுத்துப் போய் அரிசி டின்னில் புதைத்தாள். “இனி அந்த வண்டிய தொட்டீங்கன்னா நான் என் அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்” என்றாள். அப்பாவோ, இன்று முழுவதும் ஷெட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, படித்த பேப்பரையே படித்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே அக்கா, வண்டி வராது, அப்பாவும் வரமாட்டார். ரிவர்ஸ் இல்லாத வண்டி உங்கள் சந்துக்குள் வந்தாலும் வெளியே போகாது. அத்தானிடம் பக்குவமாகச் சொல். அப்பாவுக்கு மனசு இருந்தது, பல்தான் இல்லை என்று சொல். நாளைக் காலை இதைக் கூரியரில் போட்டுவிடுகிறேன்.

அம்மா உன்னை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னாள், கனமான பெட்டியைத் தூக்க வேண்டாம் என்றாள், ஆசிகளையும் சேர்த்துச் சொன்னாள். அத்தானுக்கு என் வணக்கம். அப்பா எதுவும் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் நான் எழுதுகிற மேஜைப் பக்கம் மூன்று முறை தண்ணீர் குடிக்க வந்தார்.

உன் அன்புத் தங்கை

பி.கு.: வியாழன் காலை. மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாதே. வேறு வண்டிக்குச் சொல்லாதே. சொல்லியிருக்கவும் மாட்டாய், ஏனென்றால் கடிதம் இன்னும் என் மடியில்தான் இருக்கிறது. எழுத்து ஆடுவதற்கு என் கை காரணமில்லை, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது.

விடிந்ததும் அம்மா அரிசி டின்னுக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்து, இரவு முழுக்கத் தூங்காமல் புரண்ட அப்பாவின் டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்பா கசிந்த பிரேக்கை முறுக்கி முடித்ததும் ‘சும்மா கூரியர் கடை வரைக்கும்’ என்று மூவரும் கிளம்பினோம். கூரியர் கடையில் அப்பா நிறுத்தவில்லை, நின்றால் அணைந்துவிடுமாம். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றேன். “ஓடுற அன்னைக்குத்தான் போக முடியும்” என்றார். உங்கள் சந்து முனையில், “அப்பா, உள்ள போனா வெளிய வர முடியாது” என்றேன். “தெரியும்” என்று ஸ்டியரிங்கை ஒடித்தார். நடுவில் உட்கார்ந்திருந்த அம்மா கியரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது உன் வீட்டு வாசலில் இருக்கிறோம். பம்பர் சந்தின் கடைசிச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஹாரன் அடிக்கப் பயம். நீ போனை எடுக்கவில்லை. என் பக்கக் கதவு கயிற்றில். அப்பா இறங்கினால்தான் நாங்கள் இறங்க முடியும், அப்பாவோ சபதத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறார். சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வந்த எதிர்வீட்டு அம்மா, நீங்கள் இருவரும் பின்பக்கம் பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். அவரிடம்தான் ஜன்னல் வழியாக இதைக் கொடுத்தனுப்பப் போகிறேன்.

படித்ததும் அத்தானைக் கூட்டிக்கொண்டு வா. நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வரச் சொல். சாமான் ஏற்றுவதற்கு முன்பே வண்டியைச் சந்து முனை வரை தள்ளிவிட வேண்டும், அத்தான் இல்லாமல் அது நடக்காது. இது அப்பாவுக்கும் தெரியும். இதோ, கதவைத் திறக்கிறார். ஒரு கால் வெளியே தொங்குகிறது, தரையைத் தொடவில்லை. யாருக்கோ காத்திருக்கிறது.

இன்னொன்று. கூரியர் கடையில் நிற்காத வண்டி பழக்கடையில் நின்றது. இஞ்சினை உறுமவிட்டபடியே ஜன்னல் வழியாகக் கத்தி ஒரு பொட்டலம் வாங்கினார். மடியில் வைத்திருக்கிறார், மாப்பிள்ளை கையில்தான் கொடுப்பாராம். கொட்டை எடுத்ததுதானே என்று கடைக்காரரிடம் இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.