ஒன்பது சுத்தமான தொண்டைகள்

"ஒன்பது பேர் போதும். ஆனா ஒருத்தருக்கும் தும்மல்கூட வந்திருக்கக் கூடாது" என்று முணுமுணுத்துக்கொண்டே படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார் கு யோங்பிங்.

சும்மாவா பின்னே? ஷாங்காயில் கொரோனாவுக்காக நாற்பது நாளாகப் பூட்டிக் கிடந்த அவர்களுடைய குடியிருப்பு நாளைக் காலை திறக்கிறது, அதுவும் இன்றைய பரிசோதனையில் தொற்று இல்லை என்று வருகிறவர்களுக்கு மட்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம், திருமணப் பதிவு அலுவலகத்தில், ஒன்பது மணிக்கு ஷென் மெய்யுன் காத்திருப்பாள். வராவிட்டால் தன் மகனோடு தொலைதூர செங்டூவுக்குப் போய்விடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அறுபத்திரண்டு வயது மாப்பிள்ளைக்குக் கால் தரையில் பாவவில்லை.

வில்லங்கம் குழாயில் இருந்தது. பத்துப் பேர் தொண்டையில் விட்டெடுத்த பஞ்சுக் குச்சிகளை ஒரே குழாயில் போட்டுத்தான் சோதிப்பார்கள். ஒருவருக்குத் தொற்று இருந்தாலும் பத்துப் பேருக்கும் மறுபடி பூட்டு.

அதனால்தான் யோங்பிங் பெண்ணுக்கு வரன் பார்ப்பதுபோல் ஆள் பார்த்தார். முட்டையைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவும் ஆறாம் மாடி ரென் அம்மா, ஒரு மாதமாகக் கதவே திறக்காத புதுத் தம்பதி என்று ஒன்பது பேரைத் தேற்றிவிட்டார்.

ரென் அம்மாவுக்கு வாய் சும்மா இருக்குமா? கட்டிடத்தின் செல்போன் குழுவில் போட்டுவிட்டாள். யோங்பிங்கின் குழாய்தான் சுத்தமான குழாய் என்று ஊரே அவர் வாசலுக்கு வந்துவிட்டது. ஒருவர் முட்டைக்கோஸ் கொண்டுவந்தார். இன்னொருவர், அந்த நாளில் தங்கத்துக்குச் சமமான, இரண்டு புட்டி கோலா. மூன்றாம் மாடி பாங் ஒரு வாத்தையே தூக்கிக்கொண்டு, லொக்கு லொக்கு என்று இருமியபடி வந்து நின்றான்.

முகத்துக்கு நேரே முடியாதென்று சொல்ல முடியுமா? அண்டை வீட்டுக்காரனாயிற்றே. யோங்பிங் சட்டென்று ஒரு பொய்யை எடுத்துவிட்டார்.

"வேணாம் தம்பி, எனக்கே காலையிலேருந்து தொண்டை கரகரங்குது."

பாங் வாத்தோடு மறைந்தான். இரண்டே நிமிடத்தில் அந்தச் செய்தியும் குழுவுக்குப் போயிற்று. பொறுக்கி எடுத்த ஒன்பது பேரும் ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக் கழன்றுகொண்டார்கள். யோங்பிங் ஒவ்வொரு கதவாகத் தட்டி, சும்மா சொன்னேன், எனக்கு ஒன்றுமில்லை என்று சத்தியம் பண்ணினார். பண்ணப் பண்ணச் சந்தேகம்தான் வலுத்தது.

"மறைக்காதீங்க அண்ணே" என்றாள் ரென் அம்மா, கதவைத் திறக்காமலே. "கல்யாணத்தை விட உசுரு பெருசு."

மதியம் கீழே வரிசையில் நின்றால், முன்னால் பத்தடி காலி, பின்னால் பத்தடி காலி. முழு வெள்ளை உடுப்பில் இருந்த தன்னார்வத் தொண்டர் பெண் தாவ் விஷயத்தை விசாரித்தாள். தொண்டை சரியில்லை என்பவருக்குத் தனிக் குழாயாம், அதுதான் விதியாம்.

யோங்பிங்குக்குத் தலைகால் புரியவில்லை. தனிக் குழாய்! தன் தொண்டை, தன் குழாய், நடுவில் எவன் கிருமியும் நுழைய முடியாது. இத்தனை படி ஏறியதற்கு இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று வாயை அகலத் திறந்து காட்டினார்.

அன்று மாலையே தலைக்குச் சாயம் பூசி, கோட்டுக்கு இஸ்திரி போட்டு, கண்ணாடி முன் சிரித்துப் பழகினார்.

காலை ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. வெளியே நான்கு வெள்ளை உடுப்புகள். அவருக்குத் தொற்று உறுதி, ஏழு நாள் தனிமை முகாம் என்றார்கள். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, ஆனாலும் இருக்கிறதாம். அந்த ஒன்பது பேரும் வேறு குழாயில் சுத்தமாகத் தேறி, வாசலைத் தாண்டிக் காய்கறிக் கடைக்குக் கிளம்பியிருந்தார்கள்.

இஸ்திரி போட்ட கோட்டோடு பேருந்தில் போய் உட்கார்ந்தார் யோங்பிங். மெய்யுன் நான்கு தடவை கூப்பிட்டுவிட்டாள். என்னவென்று சொல்வது? செல்போனை அணைத்தார். அழுகை அழுகையாக வந்தது.

ஜன்னலைத் தட்டினாள் தாவ். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"நீங்க எடுக்கலைன்னு மெய்யுன் அக்கா குடியிருப்பு உதவி எண்ணுக்குக் கூப்பிட்டாங்க மாமா, நான்தான் எடுத்தேன். ஒன்பது பேர் மாட்டிக்கக் கூடாதுன்னு சோதனைக்கு முன்னாடியே உண்மையைச் சொல்லி ஒதுங்கி நின்னார்னு சொன்னேன். பொய்யே சொல்லத் தெரியாத ஒரு மனுஷனைத்தான் இத்தனை வருஷம் தேடினாங்களாம், ஏழு நாள் காத்திருக்க மாட்டேனான்னு கேக்கறாங்க."